குழந்தை அழவில்லை... கையில் இருப்பது ஒரே ஒரு நிமிடம்! நர்சுகளுக்கு பாடம் நடத்தும் செல்போன் 'கேம்'

"எப்ப பார்த்தாலும் செல்போன்ல கேம்தானா? படிக்கிற வேலைய பாரு!"

நர்சிங் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீட்டிலும் இந்த திட்டு உண்டு. ஆனால் ஆப்பிரிக்க நாடான கென்யாவில் நர்சுகளை கூப்பிட்டு, "இந்தா, இந்த கேமை விளையாடு" என்று டாக்டர்களே கையில் கொடுத்து இருக்கிறார்கள்.

அந்த விளையாட்டின் பெயர் 'லைஃப்'. இதில் சுடுவதற்கு துப்பாக்கி கிடையாது. ஓட்டுவதற்கு கார் கிடையாது. ஒரு ஆஸ்பத்திரி, பிறந்து மூச்சு விடாமல் கிடக்கும் ஒரு குழந்தை, ஓடிக்கொண்டே இருக்கும் நேரம். இவ்வளவுதான் விளையாட்டு.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

முதல் நிமிடம்

பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவை வெளியே வந்த உடனேயே வீல் என்று கத்தி தானாக மூச்சு விட தொடங்கிவிடும். ஆனால் 100 குழந்தைகளில் சுமார் 10 குழந்தைகளுக்கு யாராவது கொஞ்சம் உதவி செய்தால்தான் மூச்சு வரும். அந்த 10-லும் பலவற்றுக்கு பெரிய வைத்தியம் எதுவும் தேவை இல்லை. ஈரத்தை நன்றாக துடைத்து, முதுகை தேய்த்து விட்டாலே போதும், அழ ஆரம்பித்துவிடும்.

அதற்கும் மசியாத குழந்தைக்குத்தான் பையும் முகமூடியும் வேண்டும். 'ஆம்பு பேக்' என்று நர்சுகள் சொல்லும் ரப்பர் பையை அமுக்கி, முகமூடி வழியாக காற்றை உள்ளே செலுத்த வேண்டும். மார்பை அமுக்குவது, மருந்து போடுவது என்ற நிலைமைக்கு போவது 100-ல் ஒன்றுக்கும் குறைவு.

இதை எல்லாம் எப்போது செய்ய வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பிறந்த ஒரு நிமிடத்துக்குள் குழந்தை தானாக மூச்சு விட வேண்டும். இல்லாவிட்டால் பை மூலம் காற்று போயிருக்க வேண்டும். இதை 'பொன்னான நிமிடம்' என்கிறார்கள். அமெரிக்க குழந்தை நல டாக்டர்கள் சங்கம் 2010-ம் ஆண்டு 'ஹெல்பிங் பேபீஸ் பிரீத்' என்ற பயிற்சியை கொண்டு வந்தபோது, அதன் மைய பாடமே இந்த ஒரு நிமிடம்தான்.

2022-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் பிறந்து 28 நாள் கூட ஆகாத சுமார் 23 லட்சம் குழந்தைகள் இறந்து போயின. குறை மாதத்தில் பிறப்பது, கிருமி தாக்குவது, பிரசவத்தின்போது மூச்சு தடைபடுவது ஆகியவை அதற்கு முக்கிய காரணங்கள். இதில் மூச்சு விஷயத்தில் பக்கத்தில் நிற்கும் நர்சின் கைதான் பாதி வைத்தியம்.

சினிமாவில் பிறந்த குழந்தையை காலை பிடித்து தலைகீழாக தொங்க விட்டு முதுகில் பட் பட் என்று தட்டுவார்களே, அது தப்பு. அப்படி செய்யவே கூடாது என்றுதான் இப்போது சொல்லி தருகிறார்கள்.

கேமுக்குள் என்ன நடக்கிறது?

'லைஃப்' விளையாட்டை உருவாக்கியவர்கள் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தினரும், கென்யாவில் அவர்களோடு சேர்ந்து பல ஆண்டுகளாக ஆராய்ச்சி செய்து வரும் நிலையத்தினரும். இதற்கு முக்கிய காரணமாக இருந்தவர்களில் ஒருவர் பேராசிரியர் மைக் இங்கிலீஷ். (பெயரே 'இங்கிலீஷ்'தான்.) கென்யாவில் பல காலம் வேலை பார்த்த குழந்தை டாக்டர் இவர். 2016-ல் இன்டர்நெட் வழியாக பொதுமக்களிடம் நன்கொடை கேட்டும் இதற்கு பணம் திரட்டினார்கள்.

விலை உயர்ந்த கம்ப்யூட்டர் எல்லாம் வேண்டாம், சாதாரண 'ஆண்ட்ராய்டு' செல்போனிலேயே ஓட வேண்டும் என்பதுதான் திட்டம். விளையாட வேண்டியவர் ஏதோ ஒரு ஊர் ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கும் நர்சு ஆயிற்றே!

செல்போனை திறந்தால் திரையில் ஆஸ்பத்திரி வார்டு தெரியும். அதற்குள் நடந்து போகலாம், திரும்பி பார்க்கலாம். குழந்தை வந்துவிட்டது. மூச்சு இல்லை. இப்போது முதலில் என்ன செய்வீர்கள்?

எந்த சாமானை எடுக்க வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும், எதை அப்புறம் செய்ய வேண்டும் என்று கேள்வி வந்துகொண்டே இருக்கும். விளையாடுகிறவர் திரையை தொட்டு பதில் சொல்ல வேண்டும். தப்பாக தொட்டால் சும்மா 'தப்பு' என்று சொல்லி விட்டுவிடாது. ஏன் தப்பு என்று விளக்கும். திரும்பவும் செய்ய சொல்லும்.

உதாரணத்துக்கு ஒன்று. குழந்தை மூச்சு விடவில்லை என்றதும் பலருக்கு கை தானாக மார்பை அமுக்கத்தான் போகும். பெரியவர்களுக்கு அப்படித்தானே பார்த்து இருக்கிறோம்! ஆனால் பச்சிளம் குழந்தைக்கு பிரச்சினை பெரும்பாலும் இதயத்தில் கிடையாது. நுரையீரலுக்குள் இன்னும் காற்றே போகவில்லை என்பதுதான் பிரச்சினை. அதனால் காற்றுதான் முதலில். மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நல்லபடியாக காற்று போன பிறகும் இதய துடிப்பு நிமிடத்துக்கு 60-க்கு கீழே இருந்தால்தான் மார்பை அமுக்கும் கட்டம். அதிலும் 3 முறை அமுக்கினால் ஒரு முறை காற்று.

துடிப்பை ஒரு நிமிடம் முழுக்க எண்ணிக்கொண்டு நிற்க நேரம் ஏது? 6 விநாடி எண்ணி அதை பத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும். 6 விநாடியில் 5 துடிப்பு வந்தால் 50. அப்படி என்றால் ஆபத்து.

இந்த வரிசையை புத்தகத்தில் படித்தால் பரீட்சைக்கு எழுதி விடலாம். ஆனால் ராத்திரி 2 மணிக்கு, ரத்தமும் கூச்சலுமாக இருக்கும் அறையில், நீலம் பாரித்த குழந்தை கைக்கு வரும்போது படித்தது நினைவுக்கு வருமா? அங்கேதான் பேந்த பேந்த முழிக்கிறார்கள். இதற்காகத்தான் நேரம் ஓட ஓட முடிவு எடுக்கும்படி விளையாட்டை வைத்தார்கள்.

5 நாள் பயிற்சி போதாதா?

கென்யாவில் இதற்கு நல்ல பயிற்சி வகுப்பு ஏற்கனவே இருக்கிறது. 'இ-டாட் பிளஸ்' என்று பெயர். 5 நாள் நடக்கும். வகுப்பு, பொம்மையில் செய்முறை, கடைசியில் பரீட்சை என்று முறையாக சொல்லி தருவார்கள்.

ஆனால் 5 நாள் ஒரு நர்சு வெளியூர் போய்விட்டால் வார்டை யார் பார்ப்பது? ஏற்கனவே ஆள் பற்றாக்குறை. பயிற்சி கொடுக்கும் டாக்டர்கள் வர வேண்டும், பொம்மைகள் வேண்டும், தங்க இடம், சாப்பாடு, பஸ் செலவு வேண்டும். எல்லா நர்சுகளையும் அப்படி உட்கார வைத்து சொல்லி கொடுப்பது நடக்கிற காரியமா?

இதைவிட பெரிய சிக்கல் இன்னொன்று உண்டு. கற்றுக்கொண்டது மறந்து போகிறது. உயிர் காக்கும் முதலுதவி பயிற்சி எதுவாக இருந்தாலும் சில மாதங்களிலேயே கை மழுங்கி விடுகிறது. சான்றிதழ் பீரோவில் பத்திரமாக இருக்கும். கைதான் மறந்திருக்கும்.

தான்சானியாவில் தெரிய வந்த உண்மை

கென்யாவுக்கு பக்கத்து நாடு தான்சானியா. அங்கே ஹைடம் என்ற ஊரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது. 2010-ல் அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு அந்த 'பொன்னான நிமிடம்' பயிற்சியை ஒரு நாள் நடத்தினார்கள். பொம்மையை வைத்து பரீட்சை வைத்தபோது மார்க் எல்லாம் பிரமாதமாக கூடியது.

ஆனால் பிரசவ அறையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று ஆட்களை வைத்து கவனித்தபோது அதிர்ச்சி. நிஜ குழந்தைகளை கவனிக்கும் விதத்தில் முன்னேற்றம் எதுவும் இல்லை. பரீட்சையில் பாஸ், வார்டில் பழைய கதைதான்!

நிர்வாகம் அத்தோடு விட்டுவிடவில்லை. பயிற்சி பொம்மையை பிரசவ வார்டுக்கே கொண்டு வந்து வைத்தது. வாரத்துக்கு ஒரு முறை 3 முதல் 5 நிமிடம், வேலைக்கு நடுவிலேயே பழக வேண்டும். மாதம் ஒரு முறை சுமார் 40 நிமிடம் கொஞ்சம் விரிவாக பயிற்சி.

2015-ல் வெளியான முடிவு இது: பிறந்த 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 11.1 ஆக இருந்தது. அது 7.2 ஆக குறைந்தது. மிஷின் எதுவும் புதிதாக வாங்கவில்லை. அடிக்கடி, கொஞ்சமாக பழகியதுதான் மாற்றம்.

செல்போன் 'கேம்' முக்கியம் ஆவது இந்த இடத்தில்தான். வாரம் 5 நிமிடம் என்றால் அதற்கு டாக்டர் வர முடியாது, வகுப்பு நடத்த முடியாது. செல்போன் பையில்தானே இருக்கிறது? பஸ் வரும் வரைக்கும், சாப்பிட்டு முடித்த பிறகு, டியூட்டி தொடங்கும் முன்பு என்று எடுத்து பழகலாம். பழையபடி தப்பு செய்தால் யாரும் சிரிக்கப்போவது இல்லை, எந்த சீனியர் சிஸ்டரும் திட்டப்போவது இல்லை. செத்துப்போவதும் திரையில் உள்ள குழந்தைதான்.

பொம்மை செய்தவர் கொடுத்த வரம்

மருத்துவத்தில் விளையாட்டு சாமானுக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. இன்று உலகம் முழுவதும் முதலுதவி பயிற்சியில் மார்பை அமுக்கி பழகும் 'ஆன்' என்ற ஆளுயர பொம்மையை 1960-ல் உருவாக்கியவர் டாக்டர் அல்ல. நார்வே நாட்டை சேர்ந்த ஆஸ்முண்ட் லேர்டால் என்ற பொம்மை தயாரிப்பாளர். பாரீஸ் நகரில் சீன் நதியில் மூழ்கி இறந்ததாக சொல்லப்படும் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகத்தை மாதிரியாக வைத்துத்தான் அதன் முகத்தை செய்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் 33 ஆபரேஷன் டாக்டர்களை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2007-ல் வெளியானது. வாரத்தில் 3 மணி நேரத்துக்கு மேல் வீடியோ கேம் விளையாடி பழக்கம் உள்ளவர்கள், சிறு துளை ஆபரேஷன் பயிற்சியில் மற்றவர்களைவிட 37 சதவீதம் குறைவாக தப்பு செய்தார்கள். வேகமும் அதிகம். இதை காட்டி பிள்ளைகள் வீட்டில் சலுகை கேட்டால் அதற்கு டாக்டர்கள் பொறுப்பல்ல!

ஆம்புலன்சில் வருபவர்களுக்கு

நர்சுகளுக்கு மட்டும்தானா என்றால் இல்லை. ஆம்புலன்சில் வரும் 'பாராமெடிக்கல்' ஊழியர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

பஸ் கவிழ்ந்து 30 பேர் அடிபட்டு கிடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தது ஒரு ஆம்புலன்ஸ். யாரை முதலில் தூக்குவது? சத்தம் போட்டு கதறுபவரையா? சத்தமே இல்லாமல் கிடப்பவரையா? சத்தம் போட தெம்பு இருக்கிறது என்றாலே மூச்சு போகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் சத்தம் இல்லாதவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு கணக்கு வைத்து இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1983-ல் உருவான 'ஸ்டார்ட்' என்ற முறை அதில் பிரபலம். எழுந்து நடக்க முடிந்தவருக்கு பச்சை அட்டை. நடக்க முடியாதவரின் மூச்சை எண்ண வேண்டும். நிமிடத்துக்கு 30-க்கு மேல் போனால் சிவப்பு. மணிக்கட்டில் நாடி இல்லை என்றால் சிவப்பு. "கையை தூக்குங்க" என்று சொன்னால் தூக்க முடியாதவருக்கும் சிவப்பு. இது எல்லாம் சரியாக இருந்து, நடக்க மட்டும் முடியாது என்றால் மஞ்சள். மூச்சு பாதையை சரி செய்தும் மூச்சே இல்லை என்றால் கறுப்பு. ஒருவருக்கு அரை நிமிடம், அதிகம் போனால் ஒரு நிமிடம்தான்.

இதை பழக 30 பேரை நிஜமாக அடிபட வைக்க முடியுமா? திரையில் முடியும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு காயம் என்று மாற்றி மாற்றி கொடுக்கலாம்.

டாக்டர்களையே தடுமாற வைக்கும் விஷயம் இது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர ஆராய்ச்சியாளர்கள் 'நைட் ஷிப்ட்' என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். காணாமல் போன தாத்தாவை தேடி ஊர் திரும்பும் இளம் டாக்டர்தான் ஹீரோ. கதையோடு கதையாக, அடிபட்டு வருபவர்களில் யாரை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று அவர் முடிவு எடுக்க வேண்டும்.

368 அவசர பிரிவு டாக்டர்களை இரண்டாக பிரித்து, பாதி பேருக்கு இந்த கேம், மீதி பேருக்கு வழக்கமான பாடம் உள்ள 'ஆப்'. விளையாட கேட்டுக்கொண்டது ஒரு மணி நேரம்தான். பிறகு கம்ப்யூட்டரில் ஒரே மாதிரி சோதனை வைத்தார்கள். படுகாயம் அடைந்தவர்களை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் தவறவிட்டது பாடம் படித்தவர்களிடம் 64 சதவீதம், கேம் விளையாடியவர்களிடம் 53 சதவீதம். 6 மாதம் கழித்து பார்த்தபோதும் கேம் கோஷ்டிதான் முன்னால் நின்றது. 2017-ல் இது வெளியானது. 53 சதவீதம் என்பதும் நல்ல கணக்கு இல்லை என்பது வேறு விஷயம்.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008-ல் வந்தது. 'ஆம்புலன்சில் பிரசவம், தாயும் சேயும் நலம்' என்ற செய்தி இல்லாமல் மாதம் போவது இல்லை. அந்த நேரத்தில் வண்டிக்குள் இருப்பது ஒரே ஒரு மருத்துவ உதவியாளர். பிரசவ வார்டில் என்றால் "சிஸ்டர், கொஞ்சம் வாங்களேன்" என்று கத்தி கூப்பிடலாம். ஓடும் வண்டியில் யாரை கூப்பிடுவது? கென்ய நர்சு திரையில் பழகும் அதே ஒரு நிமிடம்தான் அவருக்கும். இந்திய அரசும் பச்சிளம் குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் பயிற்சியை நர்சுகளுக்கும் டாக்டர்களுக்கும் தர 2009-ல் தனி திட்டம் கொண்டு வந்தது. பொம்மையை வைத்து பழக்குவதுதான் அதிலும் அடிப்படை.

செல்போனையே அமுக்கு!

இங்கிலாந்தில் 2013-ல் வந்த 'லைஃப்சேவர்' இன்னொரு ரகம். இது பாதி சினிமா, பாதி விளையாட்டு. படம் ஓடும், ஒருவர் சுருண்டு விழுவார், படம் நிற்கும். என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கும். மார்பை அமுக்கும் கட்டம் வந்தால் செல்போனை கையில் பிடித்து அதே வேகத்தில் மேலும் கீழும் அசைக்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. மெதுவாக செய்தால் வேகம் போதாது என்று சொல்லிவிடும்.

இதில் நடித்த இளம் நடிகைகளில் ஒருவர் டெய்சி ரிட்லி. அப்போது அவரை யாருக்கும் தெரியாது. 2015-ல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் கதாநாயகி ஆனார்.

இந்த விளையாட்டை பள்ளிக்கூட மாணவர்களுக்கு கொடுத்து சோதித்து 2017-ல் முடிவு சொன்னார்கள். கேம் மட்டும் விளையாடியவர்களும் பல விஷயங்களில் ஆசிரியரிடம் கற்றவர்களுக்கு ஈடாக செய்தார்கள். ஆனாலும் கேமையும் நேரடி பயிற்சியையும் சேர்த்து கொடுத்தால்தான் முழு பலன் என்று எழுதினார்கள்.

செல்போனுக்கு தெரியாதது

அப்படி என்றால் பொம்மையை தூக்கி போட்டுவிட்டு எல்லோருக்கும் செல்போன் கொடுத்துவிடலாமா? கூடாது. விரலுக்கு தெரிந்தது வேறு, கைக்கு தெரிய வேண்டியது வேறு.

பெரியவரின் மார்பை 5 முதல் 6 சென்டி மீட்டர் ஆழம் அமுக்க வேண்டும். அதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பதை கண்ணாடி திரை எப்படி சொல்லும்? இரண்டு நிமிடம் அமுக்கினாலே வியர்த்து கொட்டும், தோள் வலிக்கும். விளையாட்டில் அது எதுவும் தெரியாது.

குழந்தைக்கு பை வைத்து காற்று கொடுப்பது அதைவிட நுணுக்கமான வேலை. தலை ரொம்ப முன்னால் சாய்ந்தாலும் மூச்சு குழாய் அடைபடும், ரொம்ப பின்னால் சாய்ந்தாலும் அடைபடும். நடுவாக இருக்க வேண்டும். முகமூடி வாயையும் மூக்கையும் மூட வேண்டும், கண்ணில் படக்கூடாது. ஓரத்தில் நூல் அளவு இடைவெளி இருந்தாலும் காற்று புஸ் என்று வெளியே போய்விடும். நர்சு என்னவோ பையை அமுக்கிக்கொண்டே இருப்பார், குழந்தையின் மார்பு ஏறவே ஏறாது. புதிதாக பழகுகிறவர்கள் அதிகம் கோட்டை விடுவது இதில்தான்.

'லைஃப்' விளையாட்டில் முகமூடியை சரியாக தேர்ந்தெடுத்து தொட்டால் அடுத்த கட்டம் வந்துவிடும். நிஜத்தில் தேர்ந்தெடுத்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. ஆகவே முடிவு எடுக்கும் வரிசைக்கு செல்போன், கைப்பழக்கத்துக்கு பொம்மை என்று பிரித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். வரிசையை செல்போனிலேயே மனப்பாடம் ஆக்கிக்கொண்டு வந்துவிட்டால், பொம்மை முன்னால் நிற்கும் கொஞ்ச நேரத்தை கைக்கு மட்டும் செலவிடலாம்.

இதற்காகவே மலிவு விலையில் 'நியோநடாலி' என்ற பச்சிளம் குழந்தை பொம்மை வந்திருக்கிறது. தயாரிப்பது 1960-ல் 'ஆன்' பொம்மை செய்த அதே நார்வே கம்பெனிதான். உள்ளே 2 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினால் தூக்கும்போது நிஜ குழந்தை மாதிரி தொய்வாக, கனமாக இருக்கும். குழந்தை அழுவது, தொப்புள் கொடியில் துடிப்பது எல்லாம் பக்கத்தில் இருக்கும் பயிற்சியாளர் கையில் உள்ள சின்ன ரப்பர் குமிழை அமுக்கினால் நடக்கும். மாணவி தலையை சரியாக வைத்து, முகமூடியை பொருத்தி, பொம்மையின் மார்பு ஏறுகிற வரைக்கும் அவர் அந்த குமிழை அமுக்குவது இல்லை.